மட்டக்களப்பில் கஃபே பிரன்ச்: ஆள் எண்ணுவது முதல் பில் கட்டுவது வரை

முதல் தடவை பிரன்ச் என்று, அதாவது காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஒரே சாப்பாடாகச் சாப்பிட, நாங்கள் ஏழு பேர் ஒரு கஃபேயில் போய் இறங்கியபோது மணி பதினொன்று இருபது. காலைச் சாப்பாடு முடிந்துவிட்டது, மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குத்தான் என்றார் மேசைக்கு வந்த தம்பி. இருந்தது கேக்கும் கோப்பியும் மட்டும். வெறும் வயிற்றோடு வந்த ஏழு பேரும் சொக்லட் கேக்கைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூடிவிடுகிறோம். ஒழுங்குபடுத்துவது பெரும்பாலும் நான்தான். புதிதாக வந்து சேருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டே வருகிறேன். அநேகமான பிழைகள் வீட்டிலிருந்து வெளிக்கிடுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. எல்லோரும் முதலில் கடையைத் தேடுகிறார்கள். சுவரில் ஓவியம், அலுமாரியில் புத்தகம், கையால் செய்த கோப்பை என்று படத்தில் பார்த்த கடையாக இருக்கும். அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆள், சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நாள், நேரம் ஆகிய நான்கும் தெரிந்த பிறகுதான் எந்தக் கடை பொருந்தும் என்று சொல்ல முடியும்.

1. ஆட்களை எண்ணுங்கள்

நான்கு பேர் என்றால் எந்தக் கடையிலும் இடம் கிடைக்கும். ஆறு பேர் வரைக்கும் ஒரே பேச்சில் எல்லோரும் இருக்கலாம். ஏழுக்கு மேல் போனால் மேசைகளை ஒட்டிப் போட வேண்டும், பேச்சும் இரண்டாகப் பிரிந்துவிடும். நம் ஊர்க் கஃபேக்கள் பெரும்பாலும் சிறியவை. எட்டுப் பேர் சொல்லாமல் போய் நின்றால் பாதிக் கடையை நாங்களே பிடித்துக்கொண்டதாகிவிடும்.

“பாப்பம், வந்தா வருவன்” என்று சொல்கிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவரைக் கதிரைக் கணக்கில் சேருங்கள், சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கதிரை கூடினால் யாருக்கும் நட்டமில்லை. தட்டுக் கூடினால் காசும் சாப்பாடும் வீண்.

2. என்ன சாப்பிட மாட்டீர்கள் என்று கேளுங்கள்

வட்ஸ்அப் குழுவில் “என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டால் “எதெண்டாலும் பரவாயில்ல” என்றுதான் பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “என்ன சாப்பிட மாட்டீங்க?” என்று கேளுங்கள். உடனே சரியான பதில் வரும். இதை இரண்டு நாளைக்கு முன்பே கேட்பது நல்லது, ஏனென்றால் கடையைத் தீர்மானிப்பதே இந்தப் பதில்தான்.

எங்கள் குழுவில் வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஹலால் மட்டும் சாப்பிடுகிற காத்தான்குடிச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். இறால் ஒத்துக்கொள்ளாத ஒருத்தியும் இருக்கிறாள். இப்படி ஒரு கூட்டத்துக்கு மெனு பார்க்கும்போது அநேகர் வழுக்குகிற இடங்கள் சில உண்டு.

சம்பல் சைவம் என்று நினைத்து எடுப்பார்கள். தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது வழக்கம். “மாசி போட்டதா?” என்று கேட்காமல் சைவக்காரருக்கு எடுக்காதீர்கள். பான்கேக்கிலும் வொஃபிளிலும் முட்டை இருக்கும். சாண்ட்விச்சில் தடவுகிற மயோனீஸும் வழக்கமாக முட்டையில் செய்வதுதான்.

பேக்கன் என்று மெனுவில் இருந்தால் அது எந்த இறைச்சி என்று கேளுங்கள். பன்றியிலும் செய்வார்கள், மாட்டிலும் செய்வார்கள், கோழியிலும் செய்வார்கள். ஹலால் கடை என்று நம்பி நிம்மதியாக எடுத்த ஒரு இந்துச் சிநேகிதிக்கு வந்தது மாட்டு பேக்கன். அவள் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்று முழுக்க அவள் முகம் சரியில்லை. ஒரு கேள்வியில் தவிர்த்திருக்கலாம்.

3. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வெள்ளியை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் சைவம், மறு பக்கம் ஜும்ஆ. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் பதினொன்றரைக்கே எழும்ப வேண்டும்.

சனிக்கிழமை பிள்ளைகளின் ரியூஷன் ஓட்டம். ஞாயிறு கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச் சிநேகிதர்களுக்குக் காலைப் பூசை முடிந்து வர நேரம் சரியாக இருக்கும். ஆனால் அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற தாய்மார் இருந்தால் வகுப்பு எத்தனை மணிக்கு விடும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நன்றாக அமைவது பூரணை விடுமுறையான போயா தினம். அரசாங்க வேலைக்காரருக்கும் வங்கிக்காரருக்கும் ஒரே நாளில் லீவு. ஆனால் பூரணை விரதம் பிடிக்கிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். முக்கியமாகச் சித்திரா பூரணை. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள் அது. அன்றைக்குக் கஃபேக்கு வா என்று கூப்பிடுவது அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை அப்படி. அது மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா நாளும் கூட. அந்த நாட்களில் ஊரில் பல வீடுகளில் சைவம், வீதியெல்லாம் சனம். நோன்பு மாதத்தில் பகலில் கூடவே வேண்டாம், பெருநாள் கழிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரத்தை அடுப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வைத்திருங்கள்.

காலை மெனுவிலிருந்து மதிய மெனுவுக்கு மாறும்போது சமையலறை பாத்திரம் கழுவி, அடுப்பை மாற்றி, சோற்றுக்கும் பாஸ்தாவுக்கும் ஆயத்தம் பண்ணும். அந்த இடைவெளியில் முட்டை ஒன்று பொரித்துத் தரக்கூட ஆள் இருக்காது. கடைக்குக் கடை நேரம் வேறுபடும். பதினொன்றுக்கே நிறுத்துகிற கடையும் உண்டு, நாள் முழுக்கக் காலைச் சாப்பாடு தருகிற கடையும் உண்டு. மெனுவில் எழுதியிருப்பது கடை மூடும் நேரமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் அறிய வேண்டியது சமையலறை கடைசி ஓடர் எடுக்கும் நேரம்.

கடைசி ஓடர் பதினொன்று என்று வையுங்கள். பத்தரைக்குள் ஓடர் சொல்லிவிட வேண்டும். மெனு பார்த்துப் பேசி முடிக்க இருபது நிமிடம். ஆகவே பத்து பத்துக்கு எல்லோரும் கதிரையில். நம் ஆட்கள் அரை மணித்தியாலம் பிந்துவார்கள் என்பதால் குழுவில் “ஒன்பது நாற்பது” என்று போடுங்கள். பத்தரை என்று போட்ட தடவைகளில் கடைசி ஆள் வந்தது பதினொன்று ஐந்துக்கு.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இந்த நேரம் வசதி. விடியப் போய்ச் சேர்ந்து, குளித்து, இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டு வரலாம்.

5. இப்போது கடையும் மேசையும்

வெயிலைப் பாருங்கள். கல்லடிப் பக்கம் கடல் கிழக்கே, வாவி மேற்கே. காலை பத்து மணிக்குக் கடலைப் பார்த்த மேசையில் முகத்துக்கு நேரே வெயில் அடிக்கும், கண் கூசும். வாவிப் பக்கம் அந்த நேரம் நிழல். பன்னிரண்டு மணி தாண்டினால் மாறிவிடும். காலையில் கூடி மதியத்துக்குள் எழும்புகிறவர்களுக்கு வாவிப் பக்க மேசைதான் சரி. கடல்தான் வேண்டும் என்றால் கூரை தாழ்ந்த விறாந்தையாகக் கேளுங்கள்.

காற்றையும் பாருங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வெளி மேசையில் ரிஷூ பறக்கும், சாப்பாட்டில் மண் விழும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி. அப்போது திறந்த வெளியை மட்டும் நம்பிப் போகாதீர்கள், உள்ளேயும் மேசை இருக்கிற கடையாகப் பாருங்கள்.

பேசுவதற்குத்தான் போகிறோம் என்பதால் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார வேண்டாம். கோப்பி மெஷினுக்குப் பக்கமும் வேண்டாம். பால் சூடாக்கும்போது வருகிற இரைச்சலில் பாதிக் கதை போய்விடும்.

தூரம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். பாசிக்குடா முப்பது, முப்பத்தைந்து கிலோமீற்றர், அரை நாளில் போய் வரலாம். அறுகம்பே நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே பிரன்ச் என்றால் முதல் நாளே போய்த் தங்க வேண்டும், அதுவும் அலைச்சறுக்கல் சீசனில். சீசன் முடிந்தால் பல கடைகள் பூட்டிக் கிடக்கும்.

6. போன் பண்ணுங்கள்

முகநூலில் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதல் நாள் பின்னேரம் மூன்று, நான்கு மணிபோல் எடுங்கள். அது கடையில் நெரிசல் இல்லாத நேரம், நின்று பேசுவார்கள். நான் பேசுவது இப்படி:

“தம்பி, நாளைக்குக் காலம்புற பத்து மணிக்கு ஆறு பேர் வாறம். வாவிப் பக்கம் மேசை ஒண்டு தருவீங்களா? காலைச் சாப்பாட்டு ஓடர் எத்தன மணி வரைக்கும் எடுப்பீங்க?”

“பதினொரு மணி வரைக்கும் அக்கா.”

“ரெண்டு பேர் சைவம், ரெண்டு பேர் ஹலால். முட்டை பொரிக்கிற தாச்சியிலதான் பேக்கனும் பொரிப்பீங்களா?”

கடைசிக் கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். எந்தக் கடையிலும் இதற்குக் கோபப்பட்டதில்லை. ஒரு தடவை, “பொறுங்க அக்கா, குசினியில கேட்டுச் சொல்றன்” என்று போய்க் கேட்டு வந்து, தனித் தாச்சி வைப்பதாகச் சொன்னார்கள்.

7. அன்று காலை வீட்டில்

எட்டு மணிக்குப் புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்தால் பிரன்ச் இறங்காது. அதற்காக முழுப் பட்டினியாகவும் வராதீர்கள். ஏழரைக்கு ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் போதும்.

சீனி வருத்தம் இருக்கிறவர்கள் இதைக் கவனமாக எடுங்கள். காலையில் குளிசையை வழக்கம்போல் போட்டுவிட்டு, பிரன்ச்சில் சாப்பிடலாம் என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒரு அக்காவுக்குப் பத்தே முக்காலுக்குக் கை நடுங்கி வியர்த்துவிட்டது. சீனி போட்ட தேநீரைக் குடிக்கக் கொடுத்த பிறகுதான் தேறினார். குளிசையோடு வழக்கமான நேரத்துக்குக் கொஞ்சமாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நேரத்தை மாற்ற வேண்டும் என்றால் டொக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

8. முதலில் குடிக்க எடுங்கள்

உட்கார்ந்ததும் தண்ணீரும் பானமும். சாப்பாட்டையும் பானத்தையும் ஒரேயடியாக ஓடர் செய்தால் எல்லாம் ஒரே நேரம் வந்து மேசை நிரம்பும், கோப்பி ஆறிப்போகும். சாதாரணமாக ஒரு கோப்பி மெஷினில் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று கோப்பைதான் போட முடியும். ஆறு பேரும் ஆறு விதமாகக் கேட்டால் கடைசி ஆளுக்கு வரக் கால் மணித்தியாலம் ஆகும். இரண்டு மூன்று பேர் ஒரே கோப்பியைக் கேட்டால் விரைவாக வரும். முதலில் வந்தவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நுரை ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும், வந்ததும் குடியுங்கள்.

புதியவர்கள் மெனுவில் விலை குறைந்ததைப் பார்த்து எஸ்பிரெஸோ கேட்கிறார்கள். வருவது முப்பது மில்லிலீற்றர் அளவில், குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு கோப்பையில், நல்ல கசப்போடு. அது அப்படித்தான் இருக்க வேண்டும், கடைக்காரரின் பிழை இல்லை. உங்கள் நாக்குக்கு எது பொருந்தும் என்பதை வீட்டில் குடிப்பதை வைத்துப் பாருங்கள். பால்ரீ குடிக்கிறவருக்கு லாட்டே. நுரை பிடிக்கும் என்றால் கப்புச்சினோ. பிளேன்ரீக்காரருக்கு அமெரிக்கானோ, அது எஸ்பிரெஸோவில் சுடுதண்ணீர் விட்டது.

இன்னொரு குழப்பம்: நம் ஊர் ஐஸ் கோப்பி பாலும் சீனியும் சேர்ந்து இனிப்பாக வரும். ஐஸ்ட் லாட்டேயில் வழக்கமாகச் சீனி இல்லை. ஒன்றை நினைத்து மற்றதைக் கேட்டுவிட்டு, பிறகு குளிர்ந்த கோப்பியில் சீனி கரையாமல் அடியில் கிடந்து கிலுகிலுக்க, ஸ்ட்ரோவால் இடித்துக்கொண்டிருப்பார்கள். இனிப்பு வேண்டும் என்றால் பாணியாகக் கேளுங்கள்.

9. சாப்பாட்டை மேசைக்கு எடுங்கள்

ஆளுக்கொரு தட்டு வேண்டாம். ஆறு பேருக்கு நான்கு பெரிய தட்டு, ஒரு இனிப்பு, பிறகு பசித்தால் இன்னொன்று. கஃபேத் தட்டுகளில் பாணும் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்து வருவதால் பார்ப்பதைவிட நிறைவானவை.

சாப்பிடும் ஒழுங்கு இருக்கிறது. முட்டை முதலில், ஏனென்றால் ஏசியில் ஐந்து நிமிடம் இருந்தால் இறுகிவிடும். அடுத்தது பொரித்த கிழங்கு. சாண்ட்விச் பொறுத்துக்கொள்ளும். பான்கேக்குக்குப் பாணியை முழுக்க ஊற்றாதீர்கள், சாப்பிடுகிற துண்டில் மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் ஊறிக் கூழாகிவிடும்.

தண்ணீரில் அவித்த போச் முட்டையைக் கத்தியால் தொட்டதும் மஞ்சள் கரு வழியும். வேகவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பதம்தான். ஆனால் மேசையில் கர்ப்பிணி இருந்தால் முட்டையை முழுக்க வேகவைத்துத் தரச் சொல்லுங்கள். மேலே ஊற்றுகிற ஹொலண்டைஸ் குழம்பும் மஞ்சள் கருவும் பட்டரும் சேர்த்து அடிப்பது, அதையும் விட்டுவிடலாம்.

இனிப்புக்குத் தயிரும் கித்துள் பாணியும் மெனுவில் இருந்தால் கேக்கை விட்டுவிட்டு அதை எடுங்கள். நம் பக்கத்து எருமைத் தயிர் கரண்டியால் வெட்டினால் வெட்டின இடத்தில் அப்படியே நிற்கும். வெளியூர்ச் சிநேகிதர்கள் ஊருக்குப் போயும் அதைத்தான் கேட்டு எழுதுகிறார்கள்.

10. வரைவது, விளையாடுவது, படம் எடுப்பது

சில கஃபேக்களில் வரையத் தாளும் வர்ணமும் தருவார்கள், இல்லாவிட்டால் விளையாட்டுப் பலகைகள் இருக்கும். இதற்கு நல்ல நேரம் ஓடர் சொன்னதற்கும் சாப்பாடு வருவதற்கும் இடைப்பட்ட அரை மணித்தியாலம். கை சுத்தமாக இருக்கும், மேசை வெறுமையாக இருக்கும், சாப்பிடுகிற நேரத்தில் வர்ணமும் காய்ந்துவிடும். தூரிகை கழுவுகிற தண்ணீரைக் கோப்பியிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, தூரிகை ஐஸ் கோப்பிக்குள் போன ஒரு நாள் எங்களுக்கு உண்டு.

சுவரில் தொங்குகிற ஓவியங்களைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அவை விற்பனைக்கு இருக்கும். பிடித்திருந்தால் யார் வரைந்தது, என்ன விலை என்று கேளுங்கள். கேட்பதே வரைந்த பிள்ளைக்குச் சந்தோஷம்.

படத்துக்கு ஒருவரை மட்டும் நியமியுங்கள். யன்னல் பக்கமாகத் தட்டை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் எடுத்து முடிக்கட்டும். ஆறு பேரும் எழும்பி நின்று எடுத்தால் முட்டை ஆறிவிடும். பின்னால் இருக்கிற மேசைக்காரர் படத்தில் விழாமல் பாருங்கள், எங்கள் ஊர் சின்ன ஊர்.

11. பில்

மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை ஓடர் பண்ணும் முன் வாசியுங்கள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். வற் எனப்படும் பெறுமதி சேர் வரிக்குப் பதிவான கடையென்றால் அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். விலையில் இவை சேர்ந்திராவிட்டால் மெனுவில் 1,500 ரூபாய் என்று கண்ட தட்டு பில்லில் 1,900ஐத் தாண்டும். அளவாகக் காசு கொண்டு வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் முன்பு பில்லை ஆள் எண்ணிக்கையால் பிரித்தோம். எங்களோடு வந்த ஒருத்தி எப்போதும் ஒரு தேநீரும் பாதி ரோஸ்ட் பாணும்தான் எடுப்பாள். மற்றவர்களோடு சமபங்கு கட்டுவாள். ஒன்றும் சொன்னதில்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குச் சுகமில்லை, வேலை என்று காரணம் சொன்னாள். பல மாதம் கழித்துத்தான் காசு முட்டு என்று இன்னொருத்தி வழியாகத் தெரிந்தது. அதை நான் கவனிக்காமல் விட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

இப்போது பகிர்ந்த தட்டுக்கு மட்டும் சமபங்கு, அதுவும் அதிலிருந்து சாப்பிட்டவர்களுக்கு. பானம் அவரவர் கணக்கு. ஒருவர் முழுப் பில்லையும் கட்டிவிட்டு, எல்லோருடைய தொகையையும் தனித்தனியாக அவரவர் போனுக்கு அனுப்புவார். குழுவில் போடுவதில்லை, யார் எவ்வளவு என்று மற்றவர் பார்க்கத் தேவையில்லை. எழும்பும் முன்பே வங்கி ஆப்பில் அனுப்பிவிட வேண்டும், வீட்டுக்குப் போனால் மறந்துவிடும். ஆறு தனிப் பில் கேட்டு, நெரிசல் நேரத்தில் காசாளரை வதைக்காதீர்கள்.

ஆட்கள் வாசலில் காத்து நின்றால் கதையை மிச்சம் வைத்துக்கொண்டு எழும்புங்கள். கல்லடிப் பாலத்தில் நடந்தபடி பேசலாம். புத்தகத்தை எடுத்த அலுமாரித் தட்டிலேயே வையுங்கள். அப்புறம் செருப்பைப் போடும் முன், கலண்டரைத் திறந்து அடுத்த போயா எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்த்து, அங்கேயே நாளைக் குறித்துவிடுங்கள். கலைந்த பிறகு குழுவில் கேட்டால் மூன்று கிழமை போனாலும் பதில் வராது.